பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தபின் 12 வாரங்கள்: கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்கு மதுரையில் பைபாஸ் முடிந்து எட்டாம் நாள் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னார்கள். எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. வீட்டில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் அப்பா, அம்மா, நான், என் இரண்டு பிள்ளைகள். தம்பி சவுதியில் இருக்கிறான். ஆபரேஷனுக்காக ரத்தம், காப்பீடு, பணம் என்று ஒரு மாதம் அலைந்தோம். வீட்டுக்கு வந்தபின் யார் எதைப் பார்ப்பது என்று மட்டும் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பேசவில்லை. வந்த நாலாம் நாள் இரவு, அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கப் போய் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விடிந்தபோது கட்டிலில் அப்பா, பாயில் அம்மா, நடுவில் நான்.

அந்த நிலை உங்கள் வீட்டில் வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நெஞ்செலும்பைத் திறந்து செய்யும் இதய ஆபரேஷனை வைத்தே எழுதியிருக்கிறேன். வயிறு, இடுப்பு, மூட்டு என்றால் தூக்குவது, நடப்பது பற்றிய கணக்கு மாறும். ஆள் ஏற்பாடும் காகித வேலையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

1. ஆபரேஷன் தேதி கிடைத்த அன்றே ஆள் கணக்குப் போடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் வேலைகளை எழுதுங்கள்: இரவில் பக்கத்தில் படுப்பது, மாத்திரை கொடுப்பது, உப்பில்லாமல் சமைப்பது, காலையும் மாலையும் நடக்கத் துணை போவது, குளிக்க உதவுவது, அவசரத்துக்கு வண்டி, மருத்துவமனையோடு போனில் பேசுவது, பார்க்க வருபவர்களைக் கவனிப்பது. ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரு பெயர், அவர் வர முடியாவிட்டால் இன்னொரு பெயர். ஒரே பெயர் நான்கு இடத்தில் வந்தால் நிறுத்துங்கள். அந்த ஆள்தான் இரண்டாவது வாரத்தில் படுத்துவிடுவார். எங்கள் வீட்டில் அது அம்மா.

"எதுவும் வேணும்னா கூப்பிடு தாயி" என்று ஊரே சொல்லும். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் கூப்பிட நமக்குக் கூச்சம், எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. அப்படிச் சொல்லும்போதே நோட்டைத் திறந்து, நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு லாத்தாவிடம், "வெள்ளி சனி ரெண்டு நாளும் மதியம் மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் அப்பாகூட உட்கார முடியுமா லாத்தா? அம்மா கொஞ்சம் கண்ணசரட்டும்" என்று கேட்டேன். "இதுக்கா இவ்வளவு யோசிச்ச?" என்றார். ஏழு வாரம் ஒரு நாள் தவறாமல் வந்தார். எங்களால் ஆகாது என்று நினைத்திருந்த பல வேலைகள், இப்படித் துண்டு துண்டாகக் கேட்டபோது நடந்துவிட்டன.

வெளிநாட்டில் இருப்பவருக்கும் வேலை கொடுங்கள். நமக்கு இரவு 9 மணி என்றால் சவுதியில் மாலை 6:30. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் தம்பி வீடியோவில் வருவான். அப்பா அவன் கண்ணெதிரே இரவு மாத்திரையைப் போடுவார். மருத்துவமனைக்குப் போன் செய்வது, மறுபரிசோதனைக்கு நேரம் வாங்குவது எல்லாம் அவன் பொறுப்பு. பணம் மட்டும் அனுப்பிவிட்டு அங்கே தவித்துக்கொண்டிருப்பதைவிட அவனுக்கும் இது ஆறுதலாக இருந்தது.

விசைப்படகில் போகும் உறவுக்காரர்களை நம்பியிருந்தால் காலத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். அவசரமில்லை, தள்ளிப்போடலாம் என்று டாக்டரே சொன்னால் மட்டும் அந்த நாட்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் இரவில் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் மறுநாள் பகலில் தூங்க வேண்டும். இதை நோட்டிலேயே எழுதிவிடுங்கள், எழுதாவிட்டால் நடக்காது.

2. மருத்துவமனையை விட்டு இறங்கும் முன் காகிதங்களைச் சரிபாருங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே இவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கான வருமானச் சான்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், வயது, தகப்பனார் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? எந்த நாள் என்ன ஆபரேஷன், இதயத்தில் பொருத்த எந்தக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தார்கள், என்னென்ன மாத்திரை, எத்தனை நாள், தையல் பிரிக்கும் நாள், மறுபரிசோதனை நாள், இரவில் பேசவேண்டிய போன் எண். எங்களுடையதில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. வீட்டுக்கு வந்துதான் கவனித்தோம். அதற்காக ஒருவர் மறுபடி மதுரைக்குப் போய்வந்ததில் ஒரு நாள் முழுக்கப் போனது. அங்கேயே பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

இன்னும் வாங்கவேண்டியவை: ஆஞ்சியோ சிடி, எக்கோ ரிப்போர்ட், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள். காப்பீட்டுப் பிரிவில் "தொடர் சிகிச்சைக்கு ஏதாவது கிடைக்குமா, அதற்கு எந்தத் தேதியில் வர வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வண்டி ஏற்பாடு செய்பவரிடம், ஒன்று மறுபரிசோதனைப் பையில். போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவையுங்கள்.

அப்புறம், பதினைந்து நாள் மாத்திரையை மதுரையிலேயே வாங்கிவிடுங்கள். எழுதிக்கொடுத்த அதே பிராண்டு ஊர்க் கடையில் அன்றைக்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

3. அவர் வருவதற்கு முன் வீட்டை மாற்றுங்கள்

பாயில் படுக்கவைக்க நினைக்காதீர்கள். தரையிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டிவரும். வெட்டிய நெஞ்செலும்புக்கு அதுதான் கெடுதல். நார்க்கட்டிலும் வேண்டாம், நடுவில் தொய்ந்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். முழங்கால் உயரத்தில், பலகை போட்ட உறுதியான கட்டில் வேண்டும். தலைப்பக்கம் உயர்த்த இரண்டு மூன்று தலையணை. அதற்கு மேல் ஒரு சின்ன தலையணை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள.

கழிவறை உட்கார்ந்து எழும் பழைய மாதிரி என்றால் கமோடு நாற்காலி வாங்குங்கள். கொல்லைப்பக்கம் தனியாக இருக்கும் கழிவறைக்கு இரவில் போகும் வழியில் விளக்கு போடுங்கள். வழியில் கருவேல முள் இல்லாமல் பெருக்கிவிடுங்கள். செருப்பு இல்லாமல் இறங்க விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் முள் குத்தியதையே உணராமல் போகலாம்.

மின்சாரம் போனால் புழுக்கத்தில் வேர்த்து, நெஞ்சுத் தையல் ஈரமாகவே இருக்கும். பேட்டரி மின்விசிறி ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பனை விசிறியும் விசிற ஓர் ஆளும்.

4. பயணம்

மதுரையிலிருந்து ராமநாதபுரமே ஏறத்தாழ 115 கிலோமீட்டர், ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இன்னும் 50க்கு மேல். டிஸ்சார்ஜ் என்று காலையில் சொல்வார்கள், காகிதம் முடிய மாலை ஆகிவிடும். வண்டிக்காரரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். நோயாளி பின் சீட்டில் உட்காரட்டும். சீட் பெல்ட் போட்டு, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அந்தச் சின்னத் தலையணை. மணிக்கு ஒரு தடவை நிறுத்தி நாலு எட்டு நடக்கவிடுங்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இது தேவை. மானாமதுரை, பரமக்குடி என்று நிறுத்தினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அப்பா முகம் சுருங்கியது. மெதுவாகப் போகச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

5. மாத்திரை: ஒரே ஆள், ஒரே டப்பா

நாங்கள் பயந்துபோனது இங்கேதான். ஆபரேஷனுக்கு முன் அப்பா போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தது. புதுச் சீட்டிலும் அதே மருந்து, வேறு பிராண்டுப் பெயரில். அம்மா பழையதை ஒரு வேளை கொடுக்க, நான் புதியதை ஒரு வேளை கொடுக்க, மூன்றாம் நாள் அப்பா வாசற்படியில் தலைசுற்றிச் சாய்ந்தார். பிடித்துக்கொள்ள ஆள் இருந்ததால் தப்பித்தார்.

எனவே வீட்டுக்கு வந்த அன்றே பழைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிராண்டுப் பெயரைப் பார்க்காதீர்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிடுங்கள். தெரியாவிட்டால் மருந்துக்கடையில் இருக்கும் பார்மசிஸ்டைக் கேளுங்கள். கொடுப்பவர் ஒருவர்தான். கொடுத்ததும் நோட்டில் நேரம் எழுத வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும், வயிறு எரிந்தாலும், முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள். நோன்பு வைக்க விரும்புபவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, வைக்கலாமா, வைத்தால் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் மாத்திரை நான்கு நாளுக்குத்தான் இருக்கிறது என்றால் அன்றே வாங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் காலத்தில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையிருப்பு வேண்டும். பாம்பனுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

6. எழுவது, இருமுவது, நடப்பது

நெஞ்செலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் கூடாது, பேரப்பிள்ளையும் கூடாது. பேரனை எடுக்க முடியாததுதான் அப்பாவுக்கு வலியைவிடப் பெரிய வருத்தம். அவர் உட்கார்ந்திருக்கும்போது பையனைப் பக்கத்தில் உட்காரவைத்தோம்.

எழும் முறை: ஒருக்களித்துப் படுத்து, தலையணையை நெஞ்சோடு அணைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். துணை ஆள் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து மெல்ல நிமிர்த்த வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கவும் கூடாது. பாசத்தில் எல்லாரும் செய்வது இதைத்தான். வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். அம்மாவுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

இருமல், தும்மல் வந்தால் தலையணையை அழுத்தி அணைத்துக்கொள்ள வேண்டும். வலிக்கும் என்று இருமலை அடக்கினால் நெஞ்சில் சளி கட்டும். மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவி கொடுத்திருப்பார்கள்; விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை இழுக்கச் சொன்னார்கள்.

நடை, முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச முடியாவிட்டால் உட்காரவையுங்கள். காலை 7 மணிக்கு முன், மாலை 5 மணிக்குப் பின். கடற்கரை மணலில் வேண்டாம், கால் புதைந்து சீக்கிரம் களைத்துவிடுவார். தார் ரோட்டின் ஓரம் போதும். உட்காரும்போது, குழாய் எடுத்த காலை ஸ்டூலில் தூக்கி வையுங்கள்.

7. தையலும் குளியலும்

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி, பவுடர் எதுவும் தையல் மேல் படக்கூடாது. நல்லெண்ணத்தில் யாராவது பூசிவிடுவார்கள், கவனம். டாக்டர் குளிக்கலாம் என்ற பிறகு, நல்ல தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு ஊற்றி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுங்கள்.

பிழைத்து வந்ததற்கு ராமேஸ்வரத்துக் கடலில், அக்னி தீர்த்தத்தில் முழுகுவதாக வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. எங்கள் அத்தையும் வேண்டியிருந்தார். தையல் முழுக்க ஆறி டாக்டர் சரி சொல்லும்வரை கடல், ஊருணி, கிணற்றுத் தொட்டி எதிலும் இறங்க வேண்டாம். வேண்டுதலைப் பிறகு நிறைவேற்றலாம்.

8. சாப்பாடு

கடலோரத்தில் இதுதான் கஷ்டம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் நிறுத்த வேண்டும். அவற்றில் உப்புதான் அதிகம். உடம்பில் நீர் கோக்கும், பிரஷர் ஏறும். பச்சை மீன் நல்லது. சாளை, நெத்திலி, வஞ்சிரம் எதுவானாலும் குழம்பில் புளியும் எண்ணெயும் குறைத்து வையுங்கள், பொரிக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

பனங்கற்கண்டும் கருப்பட்டியும் சர்க்கரையைக் கூட்டாது என்று நம்புகிறார்கள். கூட்டும். சர்க்கரை ஏறினால் தையல் ஆறாது. பதநீரும் அப்படியே. இளநீர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

முதல் சில வாரம் வாய்க்குச் சுவையே தெரியாது. அப்பா ஒரு இட்லியோடு எழுந்துவிடுவார். அதட்டாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மலச்சிக்கல் வரும், முக்கக் கூடாது. கீரை, பழம், டாக்டர் சொன்ன அளவு தண்ணீர். அப்படியும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

9. பார்க்க வருபவர்கள்

மாலை 5 முதல் 6 வரை, ஒரு நேரத்தில் இரண்டு பேர். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வாசலோடு திரும்பட்டும். இதைச் சொல்ல வீட்டுக்காரருக்கு வாய் வராது. உறவில் மூத்த ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். எங்களுக்கு மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "மச்சான் தூங்குறாரு, நாளைக்கு வாங்க" என்று அவர் சொன்னால் யாருக்கும் வருத்தம் இல்லை.

10. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

உடனே 108: அமுக்குவது போன்ற நெஞ்சுவலி, உட்கார்ந்திருந்தும் மூச்சுத் திணறல், மயக்கம், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல்.

அன்றே மருத்துவமனைக்குப் போன்: காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல், தையலில் சிவப்பு அல்லது சீழ், நெஞ்செலும்பில் "கிளிக்" என்று அசையும் உணர்வு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், ஒரே நாளில் ஒரு கிலோ அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோ எடை கூடுதல். இதற்காகத்தான் தினமும் காலையில், சாப்பிடுமுன் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்கிறார்கள்.

108 வந்ததும் அந்த நகல் பையை ஓட்டுநர் கையில் கொடுக்காமல், கூட ஏறுபவர் மடியில் வையுங்கள்.

அழுகை, எரிச்சல், தூக்கமின்மையும் வரும். சாயங்காலமானால் அப்பா கரையில் கவிழ்த்துக் கிடக்கும் வத்தையை, அவருடைய படகை, பார்த்துக் கண் கலங்குவார். அறுபது வருடத்தில் அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் இப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. சில வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கிறது.

11. செலவு

ஆபரேஷனைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. அதன்பின் மூன்று மாதத்தில் எங்கள் கையிலிருந்து போனது: கார் இரண்டு முறை 9,000, கட்டிலுக்கு மெத்தை 3,200, கமோடு நாற்காலி 2,400, பிரஷர் பார்க்கும் கருவி 1,800, எடைக் கருவி 900, வீட்டுக்கு வந்து கட்டுப்போட்ட நர்ஸுக்கு எட்டு முறை 1,600. மாத்திரை முதல் மாதம் 1,900. அடுத்த மாதம் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்துகளை வாங்கியபோது 800. பால், பழம், தண்ணீர் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகாத மூன்று மாத வருமானம் இதில் இல்லை. கமோடு நாற்காலி, வாக்கர் போன்றவை ஊரில் ஏற்கெனவே யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும், வாங்குமுன் விசாரியுங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலைக் காட்டிப் பெயர் பதியுங்கள். நாங்கள் ஆறாவது வாரத்தில்தான் தெரிந்துகொண்டோம். நீங்கள் முதல் வாரத்திலேயே போங்கள்.

12. மறுபரிசோதனையும் வேலைக்குத் திரும்புவதும்

மறுபரிசோதனைக்கு நோட்டு, மாத்திரை அட்டைகள், சம்மரி மூன்றும் கட்டாயம். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

பைக், கார் ஓட்டுவது ஆறு வாரத்துக்கு முன் வேண்டாம். அதன்பிறகும் டாக்டர் சொன்னால்தான். கடலுக்குத் திரும்புவது பற்றி, "வேலைக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். டாக்டர் நாற்காலி வேலை என்று நினைத்துச் சரி என்றுவிடுவார். என்ன வேலை என்று விவரமாகச் சொல்லுங்கள்: எஞ்சினைக் கயிறு சுற்றி இழுப்பது, நனைந்த வலையை ஏற்றுவது, நங்கூரம் தூக்குவது, படகைக் கரையில் தள்ளுவது. நாங்கள் அப்படிச் சொன்னபோது அவர் நான்கையும் தனித்தனியாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் குறித்துக் கொடுத்தார். முதலில் போய் உட்கார்ந்துவர மட்டும் அனுமதி. எஞ்சின் கயிறுதான் கடைசி.